மடிக்கணினியின் உள்மோடத்தை லினக்ஸில் இயக்குதல்

மடிக்கணினியில் லினக்ஸை நிறுவி, திரையும் விசைப்பலகையும் ஒலியும் அச்சுப்பொறியும் ஒவ்வொன்றாகத் தத்தம் காரியத்தைச் செய்யத் தொடங்கிவிட்டதைக் கண்டு மகிழ்ந்த வாசகர், டெலிபோன் கம்பியைக் கொண்டுவந்து பக்கவாட்டிலுள்ள துளையில் செருகி இணையத்தை அடைய முற்படும்போதுதான் முதன்முதலாகத் தடைப்பட்டு நிற்கிறார். டயல் செய்யும் நிரலைத் திறந்தால், மோடம் எதுவும் தென்படவில்லை என்ற விடையே திரும்பத் திரும்ப வருகிறது. அதே கணினியில் விண்டோஸ் இருந்த நாளில் அதே மோடம் ஒரு குறையுமின்றி வேலை செய்ததை அவர் கண்ணாரக் கண்டிருக்கிறார். இந்நிலையில் லினக்ஸைக் குறை கூறுவதும் நியாயமன்று. மோடம் பழுதாகிவிட்டதென்று முடிவு கட்டுவதும் நியாயமன்று. அந்தத் துளைக்குப் பின்னால் இருப்பது முழு மோடமன்று, அரை மோடமே. மற்றப் பாதியை எங்கிருந்து பெறுவது, பெற்றபின் எவ்வாறு பொருத்துவது என்பவற்றையே இந்த அத்தியாயம் எடுத்துரைக்கும்.

1981-இல் ஹேய்ஸ் நிறுவனம் ‘ஸ்மார்ட்மோடம்’ என்ற சாதனத்தை வெளியிட்ட காலந்தொட்டுக் கணினிக்கு வெளியே மேஜையின்மேல் அமர்ந்திருந்த மோடப் பெட்டிகள் பெரும்பாலும் சுயமாக இயங்கும் யந்திரங்களாகவே இருந்தன. ‘ஏடி’ என்ற இரண்டெழுத்தில் தொடங்கும் கட்டளையைத் தொடர்துறை வழியாக அனுப்பிவிட்டால், எண்ணை டயல் செய்வதும், எதிர்முனையிலுள்ள மோடத்தோடு வேகத்தைப் பேசி முடிப்பதும், வழியில் நேரும் பிழைகளைத் திருத்துவதும் ஆகிய அனைத்தையும் பெட்டிக்குள் இருந்த கட்டுப்பாட்டுச் சில்லும் குறிகைகளைக் கணக்கிடும் சில்லும் தாமே பார்த்துக்கொண்டன. கணினியில் எந்த இயங்குதளம் ஓடுகிறதென்று அவை அறியவேண்டிய அவசியமே இல்லை. 1990-களின் பிற்பகுதியில், விலையையும் இடத்தையும் மின்சாரச் செலவையும் குறைக்க விரும்பிய உற்பத்தியாளர்கள் அவ்விரு சில்லுகளையும் நீக்கிவிட்டு, டெலிபோன் கம்பியில் வரும் ஒலியை எண்களாக்கவும் எண்களை மீண்டும் ஒலியாக்கவும் வல்ல சிறு பகுதியை மட்டும் நிறுத்திக்கொண்டு, எஞ்சிய கணக்கு வேலை முழுவதையும் கணினியின் தலைமைச் செயலியின் மீது சுமத்தினார்கள். அந்தக் கணக்கைச் செய்யும் மென்பொருளை விண்டோஸுக்கு மட்டும் எழுதி, அதன் மூலநிரலை எவருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டார்கள். நாதஸ்வரத்தை நம் கையில் கொடுத்துவிட்டு வித்வானை வேறொரு வீட்டில் பூட்டி வைத்ததற்கு ஒப்பான இந்த ஏற்பாட்டின் விளைவாகவே, ‘வின்மோடம்’ என்ற பெயர் இவ்வகைச் சாதனங்களுக்கு நிலைத்துவிட்டது.

சில்லைக் குறைத்துச் செலவைக் குறைப்பதில் குற்றம் ஏதுமில்லை என்பதே என் அபிப்பிராயம். இன்றைய செயலிகளுக்கு அந்தக் கணக்கு ஒரு பாரமே அன்று. மென்பொருளால் இயங்கும் மோடம், திறந்த மூலத்தோடு கூடியதாயின், வன்பொருள் மோடத்தைவிட மேலானதாகவும் இருக்கக்கூடும். குற்றம் ஒளித்துவைப்பதில் இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய பொருள் எவ்வாறு இயங்குகிறதென்பதை வாங்கியவர் அறியலாகாதென்று ஒரு நிறுவனம் தீர்மானித்துவிட்டால், அந்த நிறுவனம் அக்கறை இழக்கும் நாளிலேயே பொருளும் பயனற்றதாகிவிடுகிறது. இதற்கு மாறான நல்ல உதாரணமும் உண்டு. ஐபிஎம் தன் திங்க்பேட் 600, 600இ, 770 ஆகிய மாதிரிகளில் அமைத்திருந்த ‘எம்வேவ்’ மோடத்துக்குரிய கர்னல் டிரைவரின் மூலத்தை ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வெளியிட்டது. அது லினக்ஸ் கர்னலிலேயே சேர்த்துக்கொள்ளப்பட்டு, அந்தப் பழைய கணினிகளை வைத்திருப்பவர்களுக்கு நெடுங்காலம் உதவி வந்தது.

எந்தக் காரியத்தையும் தொடங்குமுன் மோடத்தின் உண்மையான அடையாளத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். கணினியின் மேலுறையில் அச்சிட்டிருக்கும் பெயரும் விற்பனைச் சீட்டில் காணும் பெயரும் இதற்குப் பயன்படா. முனையத்தைத் திறந்து ‘எல்எஸ்பிசிஐ’ என்ற கட்டளையைத் தந்தால், பிசிஐ பாட்டையில் உள்ள சாதனங்களின் பட்டியல் வரும். அதே கட்டளையோடு சிறு கோடும் ‘என்’ என்ற எழுத்தும் சேர்த்தால் ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய எண்ணடையாளம் கிடைக்கும். பென்டியம் எம் செயலி கொண்ட பல மடிக்கணினிகளில் ‘8086:24சி6’ என்ற அடையாளத்தோடு, இன்டெல் 82801டிபி வகையைச் சார்ந்த ஏசி97 மோடம் கட்டுப்படுத்தி என்ற வரி தென்படும். இங்கே ஒரு சூக்ஷ்மத்தைக் கவனிக்கவேண்டும். அந்த வரி சொல்வது பாட்டையில் அமர்ந்திருக்கும் கட்டுப்படுத்தியின் பெயரை மட்டுமே. அதன் பின்னால், கணினியின் அடிப்புறத்து மூடியைக் கழற்றினால் காணக்கூடிய சிறு அட்டையில் உள்ள, ஒலியை எண்களாக்கும் கோடெக் சில்லு வேறொரு நிறுவனத்தினுடையதாக இருக்கும். எந்த டிரைவர் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இந்தக் கோடெக்கே. 2004-இல் இன்டெல் அறிமுகப்படுத்திய ஹெச்டிஏ என்னும் ஒலி ஏற்பாட்டைக் கொண்ட கணினிகளிலோ, மோடத்துக்கென்று தனி வரியே வராது. அது ஒலிச் சாதனத்தின் பின்னால் மறைந்து நிற்கும். பட்டியலில் மோடம் இல்லையென்பதைக் கண்டு கணினியில் மோடமே இல்லையென்று கருதிவிடுபவர்கள் பலர்.

இந்த மறைவை வெளிக்கொணர்வதற்கென்றே ‘ஸ்கேன்மோடம்’ என்ற ஒரு ஸ்கிரிப்டைத் தன்னார்வலர்கள் எழுதி இலவசமாகத் தந்திருக்கிறார்கள். அதை ரூட் உரிமையோடு ஓடவிட்டால், கட்டுப்படுத்தி, கோடெக், கர்னலின் பதிப்பு, பொருந்தக்கூடிய டிரைவர் ஆகிய விவரங்கள் அனைத்தையும் ஆராய்ந்து ‘மோடம்டேட்டா’ என்ற கோப்பில் எழுதி வைக்கும். அந்தக் கோப்பை நிதானமாக ஒருமுறை முழுவதும் படித்த வாசகருக்கு, பின்னால் வரும் சந்தேகங்களில் பெரும்பகுதி எழவே எழாது. இணையத்தை அடைவதற்கு வேண்டிய மென்பொருள் இணையத்திலேயே இருக்கிறதென்ற சங்கடம் இந்த முயற்சிக்கே உரியது. ஆகையால் ஸ்கேன்மோடத்தையும், அது பரிந்துரைக்கும் டிரைவரையும், ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் பதிப்புக்குச் சரியாகப் பொருந்துகிற ஹெடர் கோப்புகளையும், சி மொழிபெயர்ப்பியையும் நண்பர் வீட்டிலோ பிரௌசிங் சென்டரிலோ முன்கூட்டியே குறுந்தட்டில் எழுதிக்கொண்டு வந்துவிடுவது உத்தமம். கர்னலின் பதிப்பை ‘யுநேம்’ கட்டளை சொல்லும். அதை ஒரு காகிதத்தில் எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொண்டு செல்லவேண்டும்.

கோடெக்கின் ஜாதி தெரிந்தபின் வழிகள் பிரிகின்றன. லூசென்ட் நிறுவனத்தின், பின்னாளில் அகேரே என்ற பெயர் பெற்ற கிளையின், பழைய பிசிஐ சில்லுகளுக்கு ‘எல்டிமோடம்’ என்ற டிரைவர் உண்டு. கோனெக்ஸன்ட் நிறுவனத்தின் ஹெச்எஸ்எஃப் வகைக்கு லினக்ஸன்ட் என்ற நிறுவனம் டிரைவர் தந்தது. அதன் இலவசப் பதிப்பு நொடிக்கு 14,400 பிட் வேகத்தோடு நின்றுவிட்டது, முழு வேகம் வேண்டுவோர் விலை கொடுத்து உரிமம் பெறவேண்டியிருந்தது. இவ்விரண்டிலும் மூலம் திறக்கப்படாத பகுதிகள் கலந்திருப்பதால், டிரைவரை ஏற்றிய உடனே கர்னல் தன்னை மாசுபட்டதென்று குறித்துக்கொள்ளும். அதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை, ஆயினும் பிற்பாடு கர்னலில் ஏதேனும் பிழை தோன்றினால் கர்னலை உருவாக்குவோர் அதை ஆராய மறுப்பதற்கு அதுவே காரணமாகக்கூடும் என்பதை அறிந்திருத்தல் நலம்.

மடிக்கணினிகளில் மிகுதியாகக் கைகொடுப்பது ஸ்மார்ட்லிங்க் நிறுவனத்தின் ‘எஸ்எல்மோடம்’ என்ற மென்பொருளே. ஆதலால் அதைச் சற்று விரிவாகக் காண்போம். மேலே சொன்ன ஏசி97 கட்டுப்படுத்தி கொண்ட கணினியும், 2.6 வரிசைக் கர்னலோடு கூடிய டெபியனும் இங்கே உதாரணமாகக் கொள்ளப்படுகின்றன. இந்த ஏற்பாட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. சில்லோடு நேரே பேசும் வேலையை, ஒலிச் சாதனங்களை ஆளுகின்ற அல்சா தொகுதியைச் சேர்ந்த ‘எஸ்என்டி-இன்டெல்8எக்ஸ்0எம்’ என்ற மாட்யூல் செய்கிறது. இது முற்றிலும் திறந்த மூலம் கொண்டது, கர்னலோடு கூடவே வருவது. ஒலியிலிருந்து தகவலைப் பிரித்தெடுக்கும் கணக்கை ‘எஸ்எல்மோடம்டி’ என்ற நிரல், கர்னலுக்கு வெளியே சாதாரண நிரலாக ஓடிக்கொண்டே செய்கிறது. இதன் உட்பகுதி மட்டும் மூடிய நூலகமாகவே தரப்படுகிறது. ஏடிஐ, வியா ஆகிய நிறுவனங்களின் சில்லுத்தொகுதிகளுக்கும் அல்சாவில் இதேபோன்ற மோடம் மாட்யூல்கள் உள்ளன.

முதலில் மாட்யூலை ‘மாட்ப்ரோப்’ கட்டளையால் ஏற்றி, ‘ப்ராக்’ அடைவின் கீழுள்ள ‘அசவுண்ட்’ அடைவில் ‘கார்ட்ஸ்’ என்ற கோப்பைப் பார்க்கவேண்டும். ஒலிச் சாதனம் 0 என்றும் மோடம் 1 என்றும் இரண்டு அட்டைகள் அதில் தென்பட்டால் நல்லது. சில வேளைகளில் மோடத்தின் மாட்யூல் முந்திக்கொண்டு 0-ஆம் ஸ்தானத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்பொழுது கணினியின் ஒலி திடீரென்று அடங்கிப் போகும், ஒலிக்கும் மோடத்துக்கும் சம்பந்தமுண்டென்று நினைத்தும் பாராதவர்கள் ஒலிபெருக்கியைச் சோதித்துக் காலங்கழிப்பார்கள். மாட்யூல்களுக்குரிய அமைப்புக் கோப்பில் ‘ஆப்ஷன்ஸ் எஸ்என்டி-இன்டெல்8எக்ஸ்0எம் இன்டெக்ஸ்=-2’ என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், மோடம் முதலிடத்தை ஒருபோதும் பிடிக்காது; இந்த அனர்த்தமும் ஒழியும்.

பிறகு ரூட் உரிமையோடு ‘எஸ்எல்மோடம்டி’ நிரலை, ‘அல்சா’ என்ற விருப்பத்தையும் ‘ஹெச்டபிள்யூ:1’ என்ற சாதனப் பெயரையும் தந்து தொடங்கவேண்டும். நாட்டின் பெயரையும் தரலாம். நிரல் அறிந்த நாடுகளின் பட்டியலை ‘கன்ட்ரிலிஸ்ட்’ என்ற விருப்பத்தால் பெறலாம். நிரல் சரியாகத் தொடங்கியதற்கு அடையாளம், தன் பதிப்பெண்ணைக் கூறி, ‘டெவ்’ அடைவில் ‘டிடிஒய்எஸ்எல்0’ என்ற இணைப்பை உண்டாக்கிவிட்டதாகவும் அதையே மோடமாக உபயோகிக்கவேண்டும் என்றும் அது முனையத்தில் அறிவிப்பதாகும். அந்த அறிவிப்பு வந்த கணத்தில், நம் கணினியின் அரை மோடம் முழு மோடமாகிவிட்டது. இனி அது பழைய ஹேய்ஸ் பெட்டியைப் போலவே ‘ஏடி’ கட்டளைகளுக்கு விடையளிக்கும். ‘மினிகாம்’ நிரலால் அந்த இணைப்பைத் திறந்து ‘ஏடி’ என்று தட்டி, ‘ஓகே’ என்ற விடை வருகிறதா என்று பார்த்துவிடுவது, பின்வரும் பகுதியில் எழக்கூடிய குழப்பத்தைப் பாதியாகக் குறைக்கும். டெபியனில் ‘எஸ்எல்-மோடம்-டீமன்’ என்ற தொகுப்பு, சுதந்திரமற்ற மென்பொருள் பிரிவில், கிடைக்கிறது. அதை நிறுவிக்கொண்டால் கணினி தொடங்கும்போதே இந்நிரலும் தானாகத் தொடங்கும்.

டயல் செய்வதற்கு ‘டபிள்யூவிடயல்’ என்ற நிரலை நான் பரிந்துரைக்கிறேன். பழைய கேடிஇ சூழலை விரும்புவோர் ‘கேபிபிபி’யைக் கொள்ளலாம். டபிள்யூவிடயலுக்கு உரிய தானியங்கித் தேடல், இணைப்பாக நிற்கும் ‘டிடிஒய்எஸ்எல்0’ஐப் பல வேளைகளில் கண்டுகொள்வதில்லையாதலால், ‘இடிசி’ அடைவிலுள்ள அதன் அமைப்புக் கோப்பில் மோடத்தின் பெயர், சேவை நிறுவனத்தின் டெலிபோன் எண், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கைப்பட எழுதிவிடுவதே சிறந்தது. இவற்றோடு ‘கேரியர் செக் = நோ’ என்ற ஒரு வரியை மறவாமல் சேர்க்கவேண்டும். வன்பொருள் மோடங்களில் எதிர்முனையின் ஒலி கிடைத்துவிட்டதைத் தெரிவிக்கத் தனிக் கம்பி ஒன்று உண்டு. மென்பொருளால் ஆன நம் மோடத்தில் அந்தக் கம்பி இல்லை, ஆகையால் அதை எதிர்பார்த்து நிற்கும் நிரல், இணைப்பு நன்றாகக் கிடைத்தபோதும் கிடைக்கவில்லையென்று எண்ணி விலகிவிடும். சாதாரணப் பயனர் டயல் செய்யவேண்டுமாயின் அவரை ‘டயல்அவுட்’, ‘டிப்’ ஆகிய இரு குழுக்களிலும் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையச் செய்யவேண்டும்.

இனி டெலிபோன் கம்பியின் பக்கம் வருவோம். இங்கே நிகழும் தவறுகளுக்கு லினக்ஸ் எவ்வகையிலும் பொறுப்பன்று. உள்மோடம் உள்ள மடிக்கணினியில் ஒன்றையொன்று ஒத்த இரண்டு துளைகள் இருக்கும்: குறுகலானது மோடத்துக்கு உரியது, அகலமானது நெட்வொர்க்குக்கு உரியது. டெலிபோன் முளை அகலமான துளையிலும் தடையின்றி நுழையும். டெலிபோன் கம்பியில் சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னழுத்தமும், மணி அடிக்கும்போது அதைவிட மிகுதியான மாறுமின்னழுத்தமும் இருப்பதால், இடம் மாறிச் செருகுவது நெட்வொர்க் சாதனத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடும். அவ்வாறே, பெரிய அலுவலகங்களிலும் விடுதிகளிலும் உள்ள, டிஜிட்டல் உட்பரிவர்த்தனை என்னும் உள் டெலிபோன் இணைப்பகத்தின் கம்பியில் மோடத்தை ஒருபோதும் இணைக்கலாகாது. ஃபாக்ஸ் யந்திரம் எந்தக் கம்பியில் இணைந்திருக்கிறதோ அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது பாதுகாப்பானது.

டயல் செய்யத் தொடங்கியதும் ‘நோ டயல்டோன்’ என்ற விடை வருமாயின், அதே கம்பியில் ஒரு சாதாரண டெலிபோனைப் பொருத்திக் காதில் வைத்துக் கேட்கவேண்டும். டயல் தொனி தெளிவாகக் கேட்டும் மோடம் அதை ஏற்க மறுக்கிறதென்றால், அந்த டெலிபோன் பரிவர்த்தனையின் தொனி மோடத்துக்குப் பழக்கமான தொனியினின்று வேறுபட்டதென்று பொருள். ஒரு நாட்டின் தொனிக்கெனப் பழக்கப்படுத்திய மோடம் வேறு நாட்டுப் பரிவர்த்தனைகளோடு இப்படிப் பிணங்குவது சகஜம். ‘ஏடிஎக்ஸ்3’ என்ற கட்டளையைத் தொடக்கக் கட்டளைகளோடு சேர்த்துவிட்டால், தொனிக்காகக் காத்திராமல் நேரே டயல் செய்யும். வெளிக்கம்பியைப் பெற 0 அல்லது 9 அழுத்தவேண்டிய இடங்களில், அந்த இலக்கத்துக்குப் பின் ஒரு காற்புள்ளி இட்டால் மோடம் இரண்டு நொடி பொறுத்து மேலே செல்லும். தொனிமுறையை ஏற்காத பழைய பரிவர்த்தனையாயின் ‘ஏடிடிடி’ என்பதற்குப் பதில் ‘ஏடிடிபி’ என்று எழுதித் துடிப்புமுறையில் டயல் செய்யலாம். மடிக்கணினியின் மென்மோடங்கள் பலவும் ஓசையின்றியே டயல் செய்வதால், உள்ளே என்ன நடக்கிறதென்று அறிய விரும்புவோர் அதே கம்பியில் உள்ள மற்றொரு டெலிபோனை எடுத்துக் கேட்கலாம். சோதனைக்கு மட்டுமே இதைச் செய்யவேண்டும், ஏனெனில் அந்த டெலிபோனின் வாயில் நாம் விடும் மூச்சொலியே அந்த இணைப்பை முறித்துவிடப் போதுமானது.

எதிர்முனை எடுத்து, ‘கனெக்ட்’ என்ற விடையும் வந்து, சிறிது நேரத்தில் அறுந்துபோகுமானால், குறை பெரும்பாலும் மோடத்தில் இல்லை. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் கட்டத்தில் இருக்கிறது. அந்தக் கட்டத்தை நடத்தும் ‘பிபிபிடி’ நிரல் ஒவ்வொரு படியையும் கணினியின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும். அங்கே சரிபார்ப்புத் தோற்றதென்ற வரி காணப்படின், பயனர் பெயரோடு சேவை நிறுவனம் எதிர்பார்க்கும் பின்னொட்டு விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். இணைந்த பின்பும் எதிர்முனையிலிருந்து எழுத்துக்கள் கலைந்து தோன்றி மேலே செல்லவில்லையென்றால், ‘ஸ்டுபிட் மோட் = யெஸ்’ என்ற வரியைச் சேர்க்கவேண்டும்; அப்போது டபிள்யூவிடயல் எதிர்முனையின் பேச்சை ஆராயாமல் உடனே பிபிபிடியிடம் இணைப்பை ஒப்படைத்துவிடும்; பெரும்பாலான சேவைகளுக்கு இதுவே போதுமானது.

இவ்வளவும் நிறைவேறி, உள்முகவரியும் எதிர்முகவரியும் குறிப்பேட்டில் பதிவாகியிருந்தும், ஒரு பக்கமும் திறக்கவில்லையென்று பலர் சோர்ந்துபோகும் கட்டம் ஒன்று இருக்கிறது. வீட்டிலோ அலுவலகத்திலோ முன்னர் நெட்வொர்க் கம்பியை உபயோகித்தவர்களின் கணினியில், எல்லாத் தகவலையும் அந்தக் கம்பி வழியே அனுப்பவேண்டும் என்ற பொதுப்பாதை ஏற்கெனவே பதிவாகியிருக்கும். பிபிபிடி மரியாதையோடு அதை மாற்றாமல் விட்டுவிட்டு, மாற்றவில்லையென்று ஒரு வரி மட்டும் எழுதி நகர்ந்துவிடும். நெட்வொர்க் அட்டையை ‘இஃப்டவுன்’ கட்டளையால் நிறுத்திவிட்டு மீண்டும் டயல் செய்தால் பாதை சரியாகும். எண்முகவரிக்குப் ‘பிங்’ செய்தால் விடை வந்து, பெயருக்குச் செய்தால் விடை வராதிருப்பின், பெயர்களைத் தீர்க்கும் சேவகனின் முகவரி கிடைக்கவில்லை என்று அறியலாம். பிபிபிடிக்குரிய விருப்பங்களில் ‘யூஸ்பியர்டிஎன்எஸ்’ என்பதைச் சேர்த்தல் அதற்கு நிவாரணம்.

வேகத்தைப் பற்றி அளவான எதிர்பார்ப்பே தகும். 1998-இல் வகுக்கப்பட்ட வி.90 தரத்தின்படி இறக்கத்தில் நொடிக்கு 56,000 பிட் என்று சொல்லப்பட்டாலும், அதற்கு நம் வீட்டிலிருந்து பரிவர்த்தனை வரையிலான செம்புக்கம்பி ஒன்றைத் தவிர எஞ்சிய வழி முழுவதும் டிஜிட்டலாக இருக்கவேண்டும். நல்ல கம்பியிலும் நாற்பதாயிரத்துச் சொச்சம் கிடைத்தால் திருப்தியடையலாம். இணைப்பு அடிக்கடி அறுந்தால், செயலி மோடத்தின் கணக்கை உரிய காலத்தில் முடிக்க இயலாமல் போகிறதா என்று ஆராயவேண்டும். ஒலியின் மாதிரிகள் நொடிக்கு ஆயிரக்கணக்கில் வந்துகொண்டே இருக்கின்றன. செயலியை ஈடுபடுத்தாமல் தகவலை நகர்த்தும் டிஎம்ஏ முறை இல்லாமல் வன்தட்டு இயங்கும் கணினியில், பெரிய கோப்பு ஒன்றைப் பிரதி எடுக்கும் வேளையில் செயலி அதிலேயே முழுகிவிட, மாதிரிகள் தவறிப்போய் இணைப்பும் முறிகிறது. ‘ஹெச்டிபார்ம்’ கட்டளையால் டிஎம்ஏயை இயங்கச் செய்தால் இந்தக் குறை நீங்கும்.

ஸ்கேன்மோடம் தந்த விடையில் பொருத்தமான டிரைவர் எதுவுமே இல்லையென்று வந்துவிட்டால், அதனோடு போராடி ஆயாசப்படாமல் புறமோடம் ஒன்றை வாங்கிக்கொள்வதே விவேகம் என்று தயக்கமின்றிச் சொல்வேன். தொடர்துறையில் இணைக்கும் பழைய பெட்டி எந்த டிரைவரும் இல்லாமலே வேலை செய்யும். தொடர்துறை இல்லாத புதிய மடிக்கணினிகளுக்கு, யுஎஸ் ரோபாட்டிக்ஸ் 5637 போன்ற, சொந்தச் சில்லு கொண்ட யுஎஸ்பி மோடங்கள் உண்டு; செருகியவுடன் ‘டிடிஒய்ஏசிஎம்0’ என்ற பெயரில் அவை தோன்றிவிடும். கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி, இது யுஎஸ்பி மோடமா என்பதன்று. கட்டுப்பாட்டுச் சில்லு இதனுள்ளே இருக்கிறதா என்பதே. யுஎஸ்பி வடிவிலும் வின்மோடங்கள் விற்பனையாகின்றன.

உள்மோடத்தை இயக்கிவிட்டவர்கள் இரண்டு காரியங்களை வழக்கமாக்கிக்கொள்ளவேண்டும். கர்னலைப் புதுப்பிக்குமுன், கர்னலுக்கு வெளியிலிருந்து தொகுத்துச் சேர்த்த மாட்யூல் எதுவாயினும் அதன் மூலத்தையும் புதிய கர்னலின் ஹெடர்களையும் பத்திரப்படுத்திக்கொண்டு, பழைய கர்னலை நீக்காமல் வைத்திருக்கவேண்டும். புதிய கர்னலில் மோடம் எழும்பாவிடில் பழையதில் தொடங்கி வேண்டியதைத் தருவித்துக்கொள்ளலாம். இணைப்பைத் துண்டித்தபின், அதே கம்பியிலுள்ள டெலிபோனை எடுத்து டயல் தொனி கேட்கிறதா என்று பார்த்துவிடவேண்டும்; எஸ்எல்மோடம்டி இடையில் முறையின்றி நின்றுபோன வேளையில் மோடம் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம், அப்பொழுது கட்டணம் ஓடிக்கொண்டேயிருக்கும். தொனி கேட்காவிடில், ‘அமிக்ஸர்’ கட்டளையால் 1-ஆம் அட்டையின் ‘ஆஃப்-ஹுக்’ என்ற விசையை அணைத்துவிட்டு மீண்டும் கேட்டுப் பார்க்கவேண்டும். அதற்கும் அசையாவிடில் செருகியிருக்கும் கம்பியைக் கழற்றிவிடவேண்டும்.